நாகஜோதி எந்த ஆபீஸ்?

நாகஜோதி அக்காவை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. நேரில் பார்த்ததில்லை, ஒரு வார்த்தை சண்டை போட்டதில்லை, ஆனாலும் பிடிக்காது. காரணம் என் வீட்டுக்காரர் சிவபாண்டி. எங்கள் கம்பெனி வேனை ஓட்டுகிறார். நான் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னாலும் காதில் வாங்காத மனிதர், அந்த அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் போதும், "சரிக்கா" என்று பவ்யமாகப் பதில் போடுவார். எனக்கு வயிறு எரியும்.

ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி செய்து அனுப்பும் கம்பெனி எங்களுடையது. ஆபீஸ் ராஜபாளையத்தில். துணியை வெட்டி, நீராவியில் அவித்து, பெட்டி போடுகிற வேலையெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூரில். நான் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் யோகேஸ்வரி, முதலாளி மகளுக்குப் போனில் படம் ஓடவில்லை என்றாலும் யோகேஸ்வரி.

இந்த ஊர் ஆட்கள் கம்ப்யூட்டரில் டீம்ஸ் என்கிற ஆப்பில் பேசிக்கொள்வார்கள். அந்த ஊர் ஆட்களுக்கு வாட்ஸ்அப் குரூப். பெயருக்கு எல்லாரும் இரண்டிலும் இருந்தாலும், மற்றதைத் திறந்து பார்ப்பதில்லை. இங்கே சொன்னது அங்கே போகாது, அங்கே கத்தியது இங்கே கேட்காது. கேரளாவுக்குப் போக வேண்டிய பெட்டிகள் ஒருமுறை ஆந்திராவுக்குப் போய்ச் சேர்ந்தன. முதலாளி ஜெயபாண்டி கோயம்புத்தூரில் ஏதோ கண்காட்சிக்குப் போனவர், கிளவுட் சர்வீஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் போட்டால் மறுபக்கமும் தெரியுமாம். எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்குமாம். திங்கட்கிழமை வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் இணைத்து முடித்துவிடு என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற பெயர்களைச் சேர்த்துவிட வேண்டும். டீம்ஸில் 'எம். வேலுசாமி, அக்கவுண்ட்ஸ்' என்று அடக்கமாக இருக்கிறவர், வாட்ஸ்அப்பில் 'சிங்கக்குட்டி வேலு'. அறுபது வயதுச் சிங்கக்குட்டி. ஒவ்வொரு ஜோடியைச் சேர்க்கும்போதும் திரையில் ஒரு கேள்வி வரும்: இந்த இருவரும் ஒரே நபர், இணைத்த பிறகு பிரிக்க முடியாது, சம்மதமா? ஒருமுறைகூட முழுதாகப் படிக்காமல் சம்மதம், சம்மதம் என்று தட்டிக்கொண்டே போனேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. இரண்டு பக்கமும் 'நாகஜோதி' இருந்தது. ஆனால் இரண்டையும் ஜோடி சேர்க்கப் பார்த்தால் சர்வீஸ் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தப் பெயருக்கு இரண்டு பக்கமும் ஆள் இல்லை, ஆள் ஒருவரைக் காட்டு என்றது.

பக்கத்து மேஜையில் இருந்த வேலுசாமி அண்ணனிடம் கேட்டேன். அந்தம்மா வில்லிபுத்தூரில் பேக்கிங்கில் இருக்கிறது என்று தலையைத் தூக்காமலே சொன்னார். வில்லிபுத்தூருக்குப் போன் போட்டேன். பேக்கிங் பொறுப்பில் இருக்கிற வெங்கடேஸ்வரி எடுத்தாள். நாகஜோதி அக்காவைக் கூப்பிடு என்றேன். அவள் சிரித்தாள்.

"ஏட்டி யோகு, அவிய உங்க ஆபீஸ்லல்லா இருக்காவ? இங்க நாங்க அவியளப் பாத்ததே இல்லையே."

போனை வைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் அந்த அக்காவின் நம்பரைப் பார்த்தேன். அது எங்கள் ராஜபாளையம் ஆபீசின் பழைய லேண்ட்லைன் நம்பர். லைனைத் துண்டித்து வருடக்கணக்காகிறது. டீம்ஸில் அவர் பெயருக்கு நேரே இருந்த நம்பர் வில்லிபுத்தூர் பேக்கிங் கூடத்தின் பழைய நம்பர். அதுவும் செத்துப்போன நம்பர்தான். இங்கே தேடினால் அங்கே கைகாட்டியது, அங்கே தேடினால் இங்கே கைகாட்டியது. இத்தனை வருடமும் இங்கிருக்கிறவர்கள் அவரை அந்த ஊர் ஆள் என்றும், அங்கிருக்கிறவர்கள் இந்த ஊர் ஆள் என்றும் நினைத்து, மரியாதையாக ஒதுங்கியிருந்திருக்கிறார்கள். அக்கா, நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அவர் என்ன எழுதினார் என்று குரூப்பில் பின்னால் போய்ப் பார்த்தேன். அதிகம் எழுதியதில்லை. தளவாய்புரம் பஸ் இன்றைக்கு வராது, பிள்ளைகளை முந்தின பஸ்ஸில் அனுப்பிவிடுங்கள் என்று ஒருமுறை. அன்றைக்கு அந்த பஸ் வழியில் பழுதாகி நின்றது எனக்கு நினைவிருக்கிறது. பாயிலர் பக்கத்தில் செத்த நேரம் யாரும் நிற்க வேண்டாம் என்று ஒருமுறை. எல்லாரும் வெளியே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது நீராவிக் குழாய் வெடித்தது. அப்போது, அந்த அக்காவுக்கு மிஷின் அறிவு ஜாஸ்தி என்று வெங்கடேஸ்வரி பெருமையாகச் சொன்னாள். நானும் உதட்டைப் பிதுக்கிவிட்டு அதை மறந்துவிட்டேன். இப்போது நேரத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவர் எழுதியது முதலில், நடந்தது பிறகு.

அவரைக் கூப்பிட்டுப் பேசினவர் யாரும் இல்லை. எழுத்து மட்டும்தான் வந்திருக்கிறது.

பெயரை நீக்கிவிடலாமா என்று முதலாளிக்குப் போன் போட்டேன். அந்தப் பெயரில் யாரையாவது ஒருத்தரைச் சேர்த்துவிடு, இல்லை தூக்கிவிடு, என்னைத் தொந்தரவு செய்யாதே என்றார். நீக்கலாம் என்று கையைக் கொண்டுபோனபோதுதான் கீழே சிவப்பாக ஒரு வரி வந்தது. நாகஜோதி எழுதிய ஒரு செய்தி நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. ஆளை இணைத்தால்தான் போய்ச்சேரும். யாருக்கு என்று போட்டிருந்தது. சிவபாண்டிக்கு. முதல் சில வார்த்தைகள் மட்டும் தெரிந்தன.

'சிவபாண்டி, மடவார்வளாகம் தாண்டி...'

அவ்வளவுதான். மீதி தெரியவில்லை.

வில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு வருகிறவர்கள் மடவார்வளாகத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். என் வீட்டுக்காரர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்புகிற நேரம் அது. வெங்கடேஸ்வரிக்கு மறுபடி போன் போட்டேன். வேன் இப்போதுதான் கேட்டைத் தாண்டியது என்றாள். வெளியே ஆனி மாதக் காற்று தகரத்தைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தது.

அவருக்கு அடித்தேன். கட் செய்தார். மறுபடி அடித்தேன். மறுபடி கட். காலையில் எங்களுக்குச் சண்டை. மகாராஜபுரத்தில் அவர் தங்கை வீட்டுக் காதுகுத்துக்கு நான் வரவில்லை என்று சொன்னதில் ஆரம்பித்து, எங்கள் அப்பா போட்ட நகை வரைக்கும் போய்விட்டது. சண்டை போட்ட நாளில் என் போனை எடுக்க மாட்டார். சரி, குரூப்பில் போடுவோம் என்று, வேனை உடனே நிறுத்துங்கள், மடவார்வளாகம் தாண்ட வேண்டாம் என்று எழுதினேன். குரூப்பில் வருவதை வேனில் இருக்கிற போன் சத்தமாக வாசிக்கும். அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்ததே நான்தான். உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"யோகு, வீட்டுச் சண்டையக் கம்பெனி குரூப்புக்குக் கொண்டாராத. வேலை நேரத்துல என்னைய ஆள விடு."

எத்தனை பேர் அதைக் கேட்டார்களோ, அதைப்பற்றி எனக்கு அப்போது கவலையில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் சொன்னால் அவர் நிற்க மாட்டார். நாகஜோதி சொன்னால் நிற்பார். நாகஜோதி சொன்னது இங்கே என் கண் முன்னால் முடங்கிக் கிடக்கிறது.

யார் பெயரையாவது சேர்த்தால் செய்தி போய்விடும். வேலுசாமி அண்ணன் பெயரைச் சேர்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன். அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். முதுகு கூனிய மனிதர், பேத்தி படத்தை மேஜை மேல் ஒட்டி வைத்திருக்கிறார். மனசு வரவில்லை. வெங்கடேஸ்வரியை நினைத்தேன். அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். யாரை நினைத்தாலும் அவர்கள் வீட்டில் அவர்களுக்காகக் காத்திருக்கிற ஒரு முகமும் கூடவே வந்தது. இது வெறும் பெயர் விஷயம் இல்லை என்று உள்ளே ஏதோ சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏன் அவ்வளவு யோசித்தேன்?

என் பெயரைச் சேர்த்தேன். கேள்வி வந்தது. இந்த முறை முழுதாகப் படித்தேன். சம்மதம் என்று தட்டினேன்.

செய்தி போய்விட்டது. 'சிவபாண்டி, மடவார்வளாகம் தாண்டிப் போகாதீங்க. வண்டிய ஓரங்கட்டிச் செத்த நேரம் இருங்க.' அடுத்த நிமிஷமே அவரிடமிருந்து பதில். "சரிக்கா. நிப்பாட்டிட்டேன்."

நான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். குரூப்பில் டிங் டிங் என்று சத்தம் வர ஆரம்பித்தபோது திறந்தேன். சாலையோரத்துப் பெரிய புளியமரம் வேரோடு சாய்ந்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை தார்ச்சாலையை மூடிக் கிடக்கும் படத்தை யாரோ போட்டிருந்தார்கள். வேன் அதற்குச் சற்றுத் தள்ளி நின்றது. நாகஜோதி அக்கா காப்பாற்றிவிட்டார் என்று ஆளாளுக்குக் கும்பிடு போட்டிருந்தார்கள்.

சிரித்துக்கொண்டே மேலே தள்ளிப் பார்த்தேன். வேனை உடனே நிறுத்துங்கள் என்று நான் போட்டது அங்கே இருந்தது. ஆனால் போட்டவர் பெயர் நாகஜோதி. அதற்கு என் வீட்டுக்காரர் திட்டி அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் காணோம். காலையில் எல்லாருக்கும் நான் சொன்ன வணக்கமும் நாகஜோதி பெயரில் இருந்தது. ஆட்கள் பட்டியலைத் திறந்தேன். யோகேஸ்வரி என்று ஒருத்தி அதில் இல்லை.

வேலுசாமி அண்ணன் திரும்பி வந்தார். நான் உட்கார்ந்திருந்த இடத்தை நேராகப் பார்த்தார். ஆள் இல்லாத இடத்தில் ஃபேன் ஓடுகிறது, கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று முணுமுணுத்தபடி என் தலைக்கு மேல் ஓடிய ஃபேனை அணைத்தார்.

"அண்ணே, நான் இங்கதான இருக்கேன்" என்றேன்.

அவர் சட்டைப்பையில் போன் ஒலித்தது. எடுத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். பொறுமையாக ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். என் திரையில் பதில் வந்தது. 'எங்கம்மா இருக்கீங்க? வில்லிபுத்தூர்லயா?'

நான் எழுந்து அவர் தோளைத் தொட்டேன். தொட்டது எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. பிரிக்கிற வழி உண்டா என்று அந்த சர்வீஸைத் தலைகீழாகத் துழாவினேன். இல்லை. அப்போதுதான் நாகஜோதியை நினைத்து எனக்கு முதல்முறையாக அழுகை வந்தது. அவளும் யாருக்காகவோ இப்படி ஒரு சம்மதத்தைத் தட்டியவளாகத்தான் இருக்க வேண்டும். அவள் இப்போது எங்கே போனாள் என்று தெரியவில்லை. போய்விட்டாள் என்றால் நல்லது.

என் வீட்டுக்காரருக்குப் போன் அடித்தேன். மணி போகவில்லை. வாயைத் திறந்து, ஏங்க, நான் யோகேஸ்வரி, உங்க பொண்டாட்டி என்று சொன்னேன். சொன்னது எழுத்தாகத்தான் போயிருக்கும். எந்த மாதிரி போனதோ தெரியாது. கொஞ்ச நேரத்தில் அவர் குரல் வந்தது. காற்றுச் சத்தத்துக்கு நடுவே, என்னிடம் எப்போதும் பேசாத மரியாதையோடு.

"அக்கா, மரம் கண்ணு முன்னாலயே சாஞ்சு கெடக்கு. நீங்க சொல்லலைன்னா அந்த மரத்துக்கு அடியிலதான் கெடப்பேன். நான் ஒண்டிக்கட்டக்கா. வீட்ல பொண்டாட்டி பிள்ளைன்னு இருந்தா தடுத்துச் சொல்லியிருப்பாவ. எனக்கு யாரு இருக்கா? நீங்கதான்."

அதை எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. பிறகு, வழியை எடுத்துவிடுகிற வரைக்கும் வண்டியை எடுக்க வேண்டாம், பக்கத்துக் கடையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு நிதானமாக வாருங்கள் என்று சொன்னேன்.

"சரிக்கா" என்றார்.

கல்யாணமாகி ஏழு வருடத்தில், நான் சொன்னதை அவர் மறுபேச்சில்லாமல் கேட்டது அதுதான் முதல் தடவை.