இருட்டறையில் பச்சை விளக்கு

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. ஆய்வுக்கூடத்தில் எனக்கு மூத்தவள், அவ்வளவுதான். ஆனாலும் அவள் பதறினால் நானும் பதறுவேன்.

அன்று காலை பேயறைந்த முகத்தோடு நின்றாள். "சாகலைடி. எதுவுமே சாகலை."

கடல் பாக்டீரியாவைத்தான் சொன்னாள். உணவு இல்லாமல், உப்பை ஏற்றி, பாதிக் குடுவைகளை வெளிச்சத்திலும் மீதியை இருட்டறையிலும் வைத்திருந்தோம். அவற்றின் உடம்பில் ஒரு நிறமி உண்டு. வெளிச்சம் பட்டால் அதை வைத்துச் சக்தி எடுத்து, பட்டினியையும் உப்பையும் சமாளிக்கும். இருட்டில் அந்தப் பிழைப்பு நடக்காது, சாக வேண்டும். அதைக் காட்டினால்தான் அக்காவுக்கு வேலை நீடிக்கும். இப்போது இரண்டு பக்கத்துக் குடுவைகளிலிருந்தும் துளி எடுத்துத் தட்டில் வளர்த்துப் பார்த்தால், ஒரே கூட்டம்.

"வெள்ளிக்கிழமை லேப் தலைவர் கேப்பாரு. என்னத்தச் சொல்றது? எங்க வீட்டுக்காரருக்கும் வேலை இல்ல."

எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"வாக்கா, இருட்டறையப் பாப்போம்."

நான் அங்கே போகிற வழக்கமில்லை, அது அவள் ராஜ்ஜியம். குடுவைகளுக்கு மேலே குட்டியாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

"இத எப்போ அணைப்ப?"

"எதுக்கு அணைக்கணும்? பச்சை வெளிச்சத்தச் செடி கண்டுக்காது. பழைய இடத்துல ராப்பகலா எரியும்."

அக்கா வருஷக்கணக்கில் செடிகளோடு குப்பை கொட்டியவள். செடி ஆய்வுக்காரர்களுக்குப் பச்சை விளக்கு இருட்டுக்குச் சமம்.

"அக்கா, இது செடியா?"

விழித்தாள். இந்த நிறமி ஆசையாகக் குடிப்பதே பச்சை வெளிச்சத்தைத்தான். எனக்கு அதைப் படம் போட்டு விளக்கியவளே அவள்தான்.

"அடிப்பாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பட்டினி போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, இத்தனை நாளும் ஊட்டி வளர்த்திருக்கிறோம்.

"இப்போ அணைச்சா வெள்ளிக்கிழமைக்குள்ள சாகுமாடி?"

எனக்குத் தெரியவில்லை.

எழுந்து விளக்கை அணைத்தாள். கும்மிருட்டு. தடவிப் பார்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், சில்லென்று இருந்தது. தினமும் குடுவைகளைக் கொஞ்சும் அதே குரலில் அவள் பேசுவது கேட்டது.

"சீக்கிரம் செத்துடுங்க கண்ணுங்களா. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு."