நாலு நாள் நிற்கும் பேட்டரி

கேளுங்கள் கண்ணுகளா, விலை மலிந்த போனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. சுங்கை பினாங்கில் எங்கள் ஃப்ளாட்டில் பாதிப் பேர் கையில் இருப்பது அதுதான். பக்கத்து வீட்டு ஜெயராஜ் கையிலும் அதுதான்.

ஜெயராஜ் கல்யாணம் கட்டாத ஆள். மாக் மண்டின் பட்டறையில் இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் செய்கிறவன். அவன் போன் சிமெண்டுத் தரையில் எத்தனை தடவை விழுந்தும் பிழைத்துக்கொண்டது. கிரைண்டர் சத்தத்தையும் மீறிப் பாடும். படம் எடுத்தால் மட்டும் மனுஷரெல்லாம் ஆவி மாதிரித் தெரிவார்கள். எதைத் தொட்டாலும் யோசித்துத்தான் திறக்கும். ஆனால் பேட்டரி! அவன் பெருமையெல்லாம் அதில்தான்.

"உன் போன் சாயங்காலத்துக்குள்ள செத்துப்போகுது. என்னோடது நாலு நாள் நிக்கும் லா," என்று கூட வேலை பார்க்கும் ஹாஃபிசைச் சீண்டுவான்.

"அதுக்கு வேலையே இல்லண்ணே, அதான் களைக்காம இருக்கு," என்பான் அவன்.

நாலு நாள் சும்மா நிற்குமா? பேட்டரியை மிச்சம் பிடிக்கும் பொத்தானை ஜெயராஜ் எப்போதும் அமுக்கியே வைத்திருந்தான். அதை அமுக்கினால், நாமாகத் திறக்கிறவரை அந்தப் போனில் வாட்ஸ்அப் தூங்கிவிடும். இப்போதெல்லாம் எல்லாரும் கூப்பிடுவது அதில்தான்; அந்த அழைப்பும் வராது, செய்தியும் வராது. அது அவனுக்குத் தெரியாது. காலை வணக்கமும் சாமி படமும்தானே என்று அவன் அதைத் திறப்பதும் இல்லை.

அவனுக்கு ஒரே தங்கை, லோகேஸ்வரி. கெப்பாலா பத்தாசில் வாழ்கிறாள். அம்மா போனபிறகு, அம்மாவின் தையல் மிஷின் யாருக்கு என்று வார்த்தை முற்றி, இருவரும் பேச்சை விட்டிருந்தார்கள்.

ஒருநாள் பாசாரில் எங்கள் ஃப்ளாட்டு வள்ளியம்மா மீன் பொறுக்கிக்கொண்டே அவனைக் கேட்டுவிட்டாள். "ஞாயித்துக்கிழம உன் தங்கச்சி மகளுக்குக் காது குத்தாமே. தாய்மாமன் நீ, உன்கிட்ட சொல்லலையா?"

அவன் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் அன்றைக்கே போய்ப் பொட்டளவில் ஒரு ஜோடி தங்கத் தோடு வாங்கிவந்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்துவார்கள்? கூப்பிடாமலா இருப்பாள்?

"நீங்களே போன் அடிச்சுக் கேளுங்களேன்," என்றான் ஹாஃபிஸ்.

"அழைக்காத எடத்துக்குத் தாய்மாமன் போவானா? அவ ஒரு வார்த்த சொல்லட்டும், ஓடிருவேன்."

ஞாயிறு காலை குளித்து, வேட்டி கட்டி, தோட்டுப் பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மேசைமேல் இருந்த போனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். "சாப்டியா தம்பி?" என்றேன் வாசலில் நின்று. "அங்க போய்ச் சாப்ட்டுக்கிறேன்கா."

மத்தியானம் பார்த்தபோது கைலிக்கு மாறியிருந்தான். 

மறுநாள் பட்டறையில், முடித்த கேட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னான் ஹாஃபிஸ். ஜெயராஜ் வாட்ஸ்அப்பைத் திறந்தான். எல்லாம் கொட்டியது. சாமி படங்களுக்கு நடுவே தங்கையின் அழைப்புகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. 'கோவத்த விட்டுட்டு வாண்ணே. உன் மடியிலதான் பிள்ளைய உக்கார வைக்கணும்.' கடைசியாக, ஞாயிறு காலையில்: 'ஆசாரி வந்துட்டாருண்ணே.'

அன்று சாயங்காலமே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனான். லோகேஸ்வரிதான் கேட்டைத் திறந்தாள்.

"எத்தன மெசேஜ் போட்டாலும் ஒரே டிக்குதான் விழுந்துச்சு. நீ என்னைய ப்ளாக் பண்ணிட்டேன்னு நெனச்சேன்."

"இல்லம்மா. பேட்டரி..." அவன் போனை எடுத்துக் காட்டினான்.

"நான் நேர்ல வந்து தாம்பூலம் வச்சிருக்கணும். ப்ளாக் பண்ணவன் வாசல்ல நிக்கவிடுவானான்னு பயந்துட்டேண்ணே."

பிள்ளை சிவந்த காதோடு அம்மாவின் பின்னால் ஒளிந்து நின்றாள். அவன் பெட்டியைத் திறந்து நீட்டினான்.

"காது ஆறட்டும், போட்டுவிடுறேன்," என்றவள் அழுதுவிட்டாள். "இன்னொரு தடவையா குத்த முடியும்?"

இப்போது ஜெயராஜ் தினமும் போனைச் சார்ஜில் போடுகிறான். தங்கை கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுக்கிறான். பிள்ளையும் அந்தத் தோட்டைப் போட்டுக்கொண்டு இங்கே வருகிறாள். யார் மடியில் உட்கார்ந்து காது குத்தினாய் என்று வந்தவர்கள் கேட்டால், "சித்தப்பா மடியில," என்று கள்ளமில்லாமல் சொல்கிறாள். அப்போதெல்லாம் ஜெயராஜ் தண்ணீர் குடிக்க எழுந்து உள்ளே போய்விடுகிறான்.