முதல் விதி: இங்கே எல்லோரும் நீ

ஹேமா அக்காவை ஸ்கூட்டரிலிருந்து இறக்கி, அவள் துணிப்பையை எங்கள் நெமிலிச்சேரி வீட்டு வாசலில் வைத்துவிட்டு, உள்ளே கால் வைக்காமலே நின்றார் அவள் கணவர் ஜெகதீஷ் மாமா. "உங்க பையன் என்னைக் கேவலப்படுத்திட்டான். திரும்பச் சேத்துக்கிட்டு, எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கட்டும். அப்புறமா இவளைக் கூட்டிட்டுப் போறேன்." அப்பாவிடம்தான் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை.

எல்லார் என்றால் சொந்தக்காரர்கள் இல்லை. ஆளுக்கொரு நாட்டை ஆண்டு, படை திரட்டிச் சண்டை போடும் ஆன்லைன் விளையாட்டில் நான் தொடங்கிய ஏரிக்கரைக் கூட்டணியின் உறுப்பினர்கள். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் பகல் முழுக்க "சார், சார்" என்று நாக்குத் தேய்ந்தவன் நான். அதனால்தான் சாசனத்தில் முதல் விதியாக இதை எழுதினேன்: 'இங்கே எல்லோரும் நீ. நீங்க, வாங்க கிடையாது. மீறினால் வெளியேற்றம்; நிறுவனருக்கும் விலக்கில்லை.' அதை எழுதியபோது வந்த சந்தோஷம் சம்பளம் உயர்ந்தபோதுகூட எனக்கு வந்ததில்லை.

மாமாவைச் சேர்த்ததுதான் மடத்தனம். வானகரத்து ஃப்ளாட்டில் உட்கார்ந்துகொண்டு, போர் நடக்கும்போதே எதிரிக்கு இரும்பு விற்றார் மனிதர். எல்லோரும் படிக்கும் பக்கத்தில் ஆதாரத்தோடு போட்டேன்: 'ஜெகதீஷ், நீ துரோகி. வெளியே போ.' அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

"ஊட்டு மாப்ளய நீ வா போன்னு எழுதுவியா? இன்னாடா பெரிய ரூல்ஸு?" என்று அப்பா கத்தினார்.

"அவர் பண்ணது துரோகம்பா."

"துரோகமாம். அதுவும் போனுக்குள்ள!"

அக்கா பையைப் பிரிக்கவில்லை. "உங்க ரெண்டு பேர் வெளாட்டுக்கு நான்தான் கெடச்சனா?" என்றாள்.

மாமாவைத் திரும்பச் சேர்த்தேன். பிறகு எல்லோரும் படிக்கும் அதே பக்கத்தில் எழுதினேன்: 'மாமா, மன்னிச்சிடுங்க. நீங்க பெரியவங்க.' ஒவ்வொரு 'ங்க'வுக்கும் விரல் கூசியது. அக்காவுக்காகத்தானே, யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலையிலேயே மாமா வந்துவிட்டார். ஸ்கூட்டரை அணைக்காமல் வாசலில் நின்றபடி போனில் ஏதோ தட்டினார். என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன்.

'முதல் விதி மீறல். நிறுவனர் லோகேஷை வெளியேற்ற வாக்கெடுப்பு. முன்மொழிபவன்: ஜெகதீஷ்.' கீழே இன்னொரு வரி: 'விதி விதிதான்டா.'

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆதரவு வாக்குகள் ஏறின.

நிமிர்ந்தேன். மாமா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பின்னால் அக்கா பையை மடியில் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

"மரமாட்டம் நிக்கிறியே! மாமாவுக்கு போய்ட்டு வாங்கன்னு சொல்லுடா" என்றார் அப்பா.

ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்காமல் மாமா காத்திருந்தார். அவர் தோளுக்கு மேலாக அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.