பதிவான இருமல்

வேன் சந்துக்குள் திரும்பியதுமே யாமினாவின் கை ஜன்னலோரக் கயிற்றுக் கூடையை எடுத்துவிட்டது. கயிறு பாதி இறங்கிய பிறகுதான் புத்தி வந்தது. கீழே நிற்பது அவள் கணவர் புஷைபின் தள்ளுவண்டி அல்ல, மீன் கம்பெனியின் ஆரஞ்சு நிற வேன். போன ரமலானுக்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்ட புஷைப், அதன் கூரை ஒலிபெருக்கியிலிருந்து கூவிக்கொண்டிருந்தார். "மத்தி... ஹ்ஹும்... மத்தியோய்!"

நடுவில் வருவது அவருடைய இருமல். விளம்பரத்துக்காகக் கம்பெனிக்காரர்கள் அவரைக் கூவச் சொல்லிப் பதிவு செய்தபோதே நெஞ்சில் சளி கட்டியிருந்தது. காஸாபிளாங்கா முழுக்கத் தன் தொண்டைதான் என்று பெருமையடித்துக்கொண்டு வந்தார் மனிதர். அந்த இருமல்தான் அவரைக் கொண்டுபோனது.

அதன்பின் யாமினா வண்டியைத் தள்ளினாள், அவரைப் போலவே இருமலோடு கூவினாள். கம்பெனி வழக்குப் போட்டது. மத்தி என்று யார் வேண்டுமானாலும் கத்தலாம், நடுவில் வரும் இருமல் எங்கள் பதிவு செய்த வணிகக்குறி என்றார் அவர்களுடைய வக்கீல். முன்பே அந்த ஆரஞ்சு நிறத்தையும் பதிந்து வைத்திருந்தார்கள். பக்கத்துச் சந்து மீன்காரன் தன் வண்டிக்குப் பச்சையடிக்க வேண்டியதாயிற்று. நிறத்துக்குமா பட்டா என்று தெருவே சிரித்தது. இருமலுக்கும் பட்டா என்றபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

இருமாமல் கூவிப் பார்த்தாள். யாரோ புது ஆள் என்று ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. மீன் பூனைகளுக்குப் போனது. அவளுக்குச் சளியும் இல்லை, நோயும் இல்லை. ஆனால் ஆயுசு முழுக்கக் கேட்ட கூவல் இருமல் வரவேண்டிய இடத்தில் வந்து தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றது.

வேனுக்குக் கூடை இறக்கிய அன்று மாலை அவளுடைய வக்கீல் நவால் புதினாத் தேநீரைக் குடிக்காமலே கையில் வைத்திருந்தாள். குரலை உரிமை கொண்டாடப் புஷைப் சம்மதம் கொடுத்ததற்கு ஆதாரமே இல்லையாம், தீர்ப்பு நம் பக்கம்தான் வருமாம். பிறகு தயங்கினாள்.

"ஆனா ஒண்ணு, லல்லா யாமினா. ஜெயிச்சா அந்தக் குரலை எந்த வேன்லயும் போட மாட்டாங்க, அழிச்சிடுவாங்க. உங்ககிட்ட வேற பதிவு இருக்கா?"

இல்லை. கல்யாணப் படத்தில்கூட அவர் வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறார். குரல் இருக்க வேண்டுமென்றால் சமாதானமாகப் போகலாம், அவள் மட்டும் இருமக் கூடாது என்றாள் நவால்.

குரல் வராத காலையை நினைத்தாலே யாமினாவுக்குப் பயமாக இருந்தது. வருகிற காலையோ அதைவிடப் பயம். ஆறவும் ஆறாமல், கொன்று முடிக்கவும் முடிக்காமல், தினமும் அதே இருமல்.

"செத்தும் அந்த மனுஷனுக்கு ஓய்வு இல்ல," என்றாள். "சமாதானம் வேணாம். அவங்களுக்காகக் கத்தினது போதும். வீட்டுக்கு வரட்டும்."

தீர்ப்பு வந்த வாரமே வேன் ஊமையானது. யாமினா வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டியைச் சந்துக்குள் தள்ளினாள். பூனைகள் பின்னால் வந்தன. இன்றைக்கு இருமக் கூடாது, தன் குரலிலேயே கூவ வேண்டும் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தாள். நடுவில் அது வந்தது. அவளுடையதல்ல, அத்தனை ஆழமாகச் சளி கட்டிய இருமல்.

ஜன்னல்கள் திறந்தன. கூடைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அவள் நிரப்பிக்கொண்டே வந்தாள். தன் வீட்டுக்குக் கீழே வந்தபோது இன்னொரு கூடை தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. காலையில் அவளே மேலே இழுத்துச் சுவரில் மாட்டிய கூடை. அண்ணாந்து பார்க்கத் துணிவில்லை. கை மட்டும் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தது.

நல்ல மீனை முதலில் வீட்டுக்கு எடுத்து வைப்பது புஷைபின் வழக்கம். யாமினா பனிக்கட்டிக்கு அடியில் துழாவி, கொழுத்த மத்திகளாகப் பொறுக்கிக் கூடையில் வைத்தாள். கயிறு மெல்ல விறைத்து, கூடை மேலே ஏறியது.