பிரிஸ்கில்லா வாயில் ஒரு பாட்டு

ஜோசப் ஆனந்தின் வீட்டுக்குள் எந்தப் பாட்டும் அவரிடம் விசா வாங்காமல் நுழைந்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பு பிரிஸ்கில்லாவுக்குக் கேசட்டில் பதிந்து கொடுத்தார். பிறகு சிடி, பிறகு பென்டிரைவ், இப்போது ஒரே வீட்டுக்குள் வாட்ஸப் லிங்க். மனைவி எந்தப் பாட்டை எப்போது விரும்ப வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். அவளும் சொன்ன நேரத்துக்கு விரும்பிக்கொண்டு வந்தாள்.

அப்படிப்பட்ட வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வஞ்சிரம் கழுவிக்கொண்டிருந்த பிரிஸ்கில்லா, அவருக்குத் தெரியாத மெட்டு ஒன்றை முணுமுணுத்தாள்.

மெட்டு மேலே ஏறியது. இறங்கும் என்று நினைத்த இடத்தில் இறங்காமல், மாடிப்படியில் அடம்பிடித்து உட்கார்ந்துவிட்ட பிள்ளை மாதிரி அங்கேயே நின்றது. அதற்குள் அவள் குழாயைத் திறந்துவிட்டதால் மிச்சம் தண்ணீரோடு போய்விட்டது.

“என்ன பாட்டு அது?” என்று கேட்டிருக்கலாம். ஆனால் கேட்பவர் தெரியாதவர் ஆகிவிடுவார். ஜோசப் ஆனந்த் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் எத்தனையோ விஷயம் தெரியாமல் பதவி உயர்வு பெற்றவர்தான். பாட்டில் மட்டும் அது நடக்காது.

பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலியைத் திறந்து, சமையற்கட்டு வாசலில் போனை நீட்டிக்கொண்டு நின்றார்.

“இன்னாங்க, மீன போட்டோ எடுக்கிறீங்களா?”

“வெளிச்சம் நல்லா இருக்கு.”

செயலி முணுமுணுப்பையும் குக்கர் விசிலையும் சேர்த்துக் கேட்டு, ஜெர்மனியில் ஒருவர் ரயில் என்ஜின் சத்தத்தை வைத்துச் செய்த இசை என்று அறிவித்தது. ஜோசப் ஆனந்த் கொஞ்ச நேரம் அதை நம்பவும் செய்தார்.

அந்த வாரம் முழுக்க அவள் அதை முணுமுணுத்தாள், தலை சீவும்போதும் புடவைக்கு இஸ்திரி போடும்போதும். ஏறிப்போய் நிற்கும் அந்த இடம் வந்தால் ஒரு சிரிப்பு வேறு. பாட்டு தானாக வாயில் முளைக்காது, யாரோ போட்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அந்த யாரோ அவளுக்குக் கைமுறுக்கு வாங்கிக் கொடுத்திருந்தால்கூட அவர் மன்னித்திருப்பார்.

முத்தியால்பேட்டையில் ராஜாங்கத்தின் ஹார்ட்வேர் கடை மாடியில் மாதம் ஒருமுறை, ‘செர்க்ல்’ என்று பிரெஞ்சில் பெயர் வைத்த பாட்டுச் சங்கம் கூடும். வட்டம் என்றாலும் அதே அர்த்தம்தான், ஆனால் வட்டம் என்றால் யார் வருவார்கள்? பெயிண்ட் டின்களுக்கு நடுவே உட்கார்ந்து, ஒருவர் தான் கண்டுபிடித்த பாட்டைப் போடுவார். மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “தெரியும்” என்பார்கள். புதுப் பாட்டுகளைக் கண்டுபிடிக்கவென்றே தொடங்கிய அந்தச் சங்கத்தில் இதுவரை யாருமே ஒரு புதுப் பாட்டைக் கேட்டதில்லை.

ஜோசப் ஆனந்த் தந்திரமாகப் புதிர் போடுவதுபோல ஆரம்பித்தார். “இன்னிக்கு ஒரு சின்ன டெஸ்ட். இது எதுன்னு சொல்லுங்க பாப்போம்.” மெட்டை முணுமுணுத்துக் காட்டினார்.

“போர்ச்சுகல்,” என்றார் ராஜாங்கம். பாரீஸில் தம்பி வீட்டில் ஒரு கோடை விடுமுறை இருந்தவர். அன்றிலிருந்து ஐரோப்பா அவர் பொறுப்பு. “கடலுக்குப் போன புருஷன் திரும்பலன்னு பாடுறது.”

“மாலி,” என்றார் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர் லூர்துநாதன். “ஒட்டகம் நடக்கிற தாளம் கேக்கலயா முசியே?”

“ஒட்டகமா! அலை முசியே, அலை.”

இருவரும் தீர்ப்புக்காக ஜோசப் ஆனந்தைப் பார்த்தார்கள்.

“ரெண்டுக்கும் நடுவுல,” என்றார் அவர்.

லூர்துநாதன் மனதுக்குள் வரைபடத்தை விரித்துப் பார்த்து, “மொராக்கோ. அதத்தான் சொல்ல வந்தேன்,” என்றார்.

கிளம்பும்போது ராஜாங்கம், “அந்தப் பாட்டு எங்கிட்ட ரொம்ப நாளா இருக்கு,” என்றார். ஜோசப் ஆனந்தின் சந்தேகம் ராஜாங்கத்தின் மேல் திரும்பியது. கிறிஸ்துமஸுக்குக் கேக் சாப்பிட வந்த ராஜாங்கம், “மேடத்துக்கு நல்ல காது,” என்று சொன்னது ஞாபகம் வந்தது. இத்தனை வருஷத்தில் ஜோசப் ஆனந்த் அந்தக் காதைப் பற்றி அப்படி ஒன்றும் சொன்னதில்லை. அது எப்படியும் தன்னுடையது என்றிருந்தார்.

மறுநாள் மாலை அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஸ்கூட்டரில் கோரிமேட்டுக்குப் போனார். பிரிஸ்கில்லாவுக்கு அங்கே ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை. ராஜாங்கத்தை அங்கே கையும் களவுமாகப் பிடித்தால் சொல்ல வேண்டியதைப் பிரெஞ்சிலும் தமிழிலும் தயார் செய்து வைத்திருந்தார்.

பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் ராஜாங்கம் இல்லை. பிரிஸ்கில்லாவும், கூட வேலை பார்க்கும் சுமலதாவும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். சுமலதாவின் போனிலிருந்து வந்த ஒரே இயர்போன் ஒயர், ஆளுக்கு ஒரு காதாகப் பிரிந்திருந்தது. இருவருக்கும் கண் மூடியிருந்தது. சுமலதாவின் விரல் பிரிஸ்கில்லாவின் முழங்கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

ஜோசப் ஆனந்த் எதிரில் போய் நின்றார். யாரும் பார்க்கவில்லை. ஆணாக இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம். சுமலதாவை என்ன செய்வது? அவர் பாட்டுப் போடும்போது பிரிஸ்கில்லா ஒருநாளும் கண்ணை மூடியதில்லை. எங்கே ‘ஆஹா’ சொல்ல வேண்டும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

“இன்னாங்க, இங்க?” பிரிஸ்கில்லா பதறினாள். “வீட்டுல எதனாவா?”

“சும்மாதான்.”

“வாங்க சார்!” என்றாள் சுமலதா. “நீங்க பாட்டுல பெரிய ஆளுன்னு அக்கா சொல்லும். இது இன்னா பாஷைன்னே தெரியல சார். ஏதோ கேட்டுக்கிட்டு இருந்தோம், அது முடிஞ்சதும் இது தானா வந்துச்சு. அன்னிலருந்து பைத்தியமா அலையிறோம்.” தன் காதிலிருந்ததைக் கழற்றி அவரிடம் கொடுத்து, பாட்டை முதலிலிருந்து வைத்தாள்.

ஒரு பெண் குரல். தொண்டையில் கொஞ்சம் மணல் இருந்தது. ஏறியது, அந்த இடத்தில் போய் நின்றது. ஜோசப் ஆனந்த் பெஞ்சின் முனையில் உட்கார்ந்துவிட்டார். இப்படி ஒரு பாட்டைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று! பக்கத்தில், ஒயரின் மறுமுனையில், பிரிஸ்கில்லா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு ஆவல். “நல்லாருக்குல்ல?” என்றாள் மெதுவாக.

ஆமாம் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும்.

“இதா?” என்றார் ஜோசப் ஆனந்த். “இது மொராக்கோ.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“பழைய சரக்கு. பாலைவனத்துல தண்ணிக்குப் போற பொம்பளைங்க பாடுறது. ஒட்டகத் தாளம், கேக்குதா? ஆனா கடல் சாயலும் இருக்கும்...” அவர் விளக்கிக்கொண்டே போனார். சுமலதா வாய் பிளந்து கேட்டாள். அதற்குள் மெட்டு நின்ற இடத்திலிருந்து இறங்கி, முடிந்தும் போயிருந்தது. எப்படி இறங்கியது என்பதை அவர் கவனிக்கவில்லை.

பிரிஸ்கில்லா தன் காதிலிருந்ததை எடுத்தாள். “அப்பிடிங்களா,” என்றாள்.

“இன்னொரு வாட்டி கேப்போமா?” என்றார் அவர்.

“உங்களுக்குத்தான் தெரிஞ்சதாச்சே.”

பஸ் வந்தது. “வண்டில வா,” என்றார்.

“பாஸ் வீணாப் போவும். நீங்க முன்னாடி போயி உலை வெச்சிடுங்க.”

அவர் முன்னாடி போகவில்லை. பஸ்ஸை ஒட்டியே ஸ்கூட்டரை ஓட்டினார். ஜன்னலில் இரண்டு தலைகள் மறுபடி ஒன்றாகச் சாய்ந்திருந்தன, நடுவே ஒயர். மெட்டு அவர் தலைக்குள் ஏறிப்போய் நின்றது. இறங்க வழி தெரியவில்லை. உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் அந்தப் பாட்டைக் கேட்கலாம், அந்த இருவரைத் தவிர. அது இருந்ததோ அந்த இருவரிடம் மட்டும். சிக்னலில் பஸ் நின்றபோது ஜன்னலுக்கு அடியில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக் காதை உயர்த்தினார். நெல்லித்தோப்பு ஆட்டோக்கள் அத்தனையும் ஒன்றாக ஹாரன் அடித்தன.

சுமலதா தலையை நீட்டி, “மொராக்கோ சூப்பர் சார்!” என்று கை காட்டினாள்.

பிரிஸ்கில்லா கண்ணைத் திறக்கவில்லை.