சுபேதார் தாவீது சுடாத சண்டை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. தொண்ணூற்றிரண்டில் சேலையூர் கேம்ப் ரோடு சலூனில், பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தபோது பக்கத்து நாற்காலியிலிருந்து காதில் விழுந்தது. நாற்காலியில் இருந்தவர் ரிட்டயர்டு சுபேதார் தாவீது. நேச நாட்டுப் படை ஒன்றுக்கு ராணுவ ஆலோசகராகப் போய் வந்தவர். (எந்த நாடு என்று கேட்காதீர்கள். "பேரப் போட்டியோ, பேஜாராப் பூடும்" என்று எனக்கு உத்தரவு.)

"கதையா எழுதிக்கோ சார். ஆனா முடிவ மொதல்ல என்கிட்ட காட்டணும்" என்றார். வாசகர் ஒருவர் கிடைத்துவிட்ட பூரிப்பில் தலையாட்டிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "குண்டுமழை பொழிந்தது. தாவீதின் துப்பாக்கி சிங்கமெனக் கர்ஜித்…"

அடித்துவிட்டேன். "இன்னா சார் கப்ஸா உடறே? என் கையில துப்பாக்கியே கெடையாது. ஆலோசகருன்னா யோசனைதான் சொல்லணும், சுடக்கூடாது. அதான் ரூல்" என்றார் தாவீது.

துப்பாக்கி இல்லாத வீரனை வைத்துக்கொண்டு நான் என்னத்தை எழுதுவது? நீங்களே சொல்லுங்கள்.

3

நடந்தது இதுதான். மலைப்பாதையில் எதிரிகள் மறைந்திருந்து சுட்டார்கள். நேசப் படையின் அதிகாரி முதலிலேயே விழுந்தார். சிப்பாய்கள் தலைதெறிக்க ஓடினார்கள். மொழிபெயர்ப்பாளர் அவர்களுக்கும் முன்னால் ஓடினார். தாவீதுக்கு அந்த ஊர் பாஷை வராது. வாயில் வந்ததைக் கத்தினார்: "டேய்! எங்கடா ஓடிகினு கீறீங்க? குந்துங்கடா பேமானிங்களா!"

கத்தியதோடு பாறைக்குப் பின்னால் தானும் குந்திக் காட்டினார். அத்தனை பேரும் குந்தினார்கள். அவர் கை காட்டிய பக்கமெல்லாம் சுட்டார்கள். அன்றைக்கு அந்த மலையில் சேலையூர்த் தமிழில்தான் யுத்தம் நடந்தது.

(இதை அவர் வீட்டில் படித்துக் காட்டும்போது அவர் மனைவி ஞானம்மாள் இங்கே குறுக்கிடுகிறார்: "வூட்ல கரப்பான்பூச்சி வந்தா என்னத்தான் கூப்புடும் இந்த ஆளு. அதையும் எழுது சார்." எழுதிவிட்டேன் அக்கா.)

4

வெட்டவெளியில் ஒரு சிப்பாய் வயிற்றில் குண்டோடு கிடந்தான். தாவீது ஊர்ந்து போய் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, குண்டுகளுக்கு நடுவே இறங்கி, அடிவாரத்துக்கு வந்த ஹெலிகாப்டரில் ஏற்றிவிட்டார். ஆலோசகர் சண்டைக்குள் போனது தப்பு என்று மறுநாளே இவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தச் சிப்பாயைப் பற்றி யாரைக் கேட்டும் தகவல் இல்லை.

முடிவு அ: நேச நாட்டுத் தூதர் சேலையூருக்கே வந்து பதக்கம் குத்துகிறார். ஒரே கைதட்டல்.

தாவீது படித்தார். திட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மெடலு யாருக்கு சார் வோணும்? அவன் பொழச்சானா இல்லியா, அத்தச் சொல்லு. நீதான எழுதறே?"

"எனக்கெப்படி சார் தெரியும்?"

"பேரு கூடக் கேக்கல. ஏத்தும்போது என் கைய உடவேயில்ல சார் அவன்."

5

முடிவு ஆ: அவன் பிழைத்தான். கல்யாணம் செய்துகொண்டு, ஆட்டுப்பண்ணை வைத்து…

"இத்த நீ எனக்காவ எழுதினே" என்றார்.

முடிவு இ: ஹெலிகாப்டர் தரை இறங்குவதற்குள் அவன்…

முடிக்க முடியவில்லை. பாவம், தாவீது எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஞானம்மாள் சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. எனக்குத் தைரியம் போதவில்லை, பேனாவை மூடிவிட்டேன். என்னை விட்டுவிட்டு இப்போது அவர் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். சொல்லுங்கள், அவன் பிழைத்தானா?