மூன்று நாள் கொடுத்த மாவு

கடலை கசக்கிறது என்று காளியாயிக்கு வியாழக்கிழமை காலையில்தான் தெரிந்தது. அதற்குள் மூன்று நாளாக புதிதாகப் பிரித்த மூட்டைக் கடலையை வறுத்து அரைத்த மாவில் உருண்டை பிடித்து, பத்தொன்பது பிள்ளைகளுக்கும் கொடுத்து முடித்திருந்தாள்.

றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில் காளியாயிக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும், அவர்கள் விட்டுச்செல்லும் தவழும் குழந்தைகளையும் ஓடித்திரியும் பிள்ளைகளையும் சாயந்திரம்வரை பார்த்துக்கொள்வாள். அவளுக்குப் பிள்ளை கிடையாது. புருஷன் போய்ச்சேர்ந்து ஏழு வருஷம்.

அந்த வருஷத் தொடக்கத்தில், அறுபத்து மூன்றில், கொழும்பிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தாள். சிங்களத்தி, கண்டி ஆஸ்பத்திரியில் இருந்தபோது பழகிய தமிழ் பேசுவாள். ராசம்மாவின் மகன் அழகனைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு வயது. கன்னமும் காலும் உப்பியிருக்கும், முடி செம்பட்டை, முகத்தில் சிரிப்பே வராது. பிள்ளை சதை போட்டிருக்கிறது என்றுதான் ராசம்மா நினைத்திருந்தாள். டாக்டரம்மா அவன் பாதத்தில் பெருவிரலை வைத்து அமுக்கி எடுத்தாள். பள்ளம் அப்படியே நின்றது.

"இது சதை இல்லை, தண்ணி," என்றாள். "வயிறு நிறையுது, சத்து கிடைக்கவில்லை."

அதற்கு மருந்தாக அவளும் அவளோடு வேலை செய்பவர்களும் கொழும்பில் ஒரு மாவைக் கண்டுபிடித்திருந்தார்கள். நிலக்கடலை, பாசிப்பயறு, குரக்கன் என்ற கேழ்வரகு, பால்மா, இன்னது இவ்வளவு என்று காகிதத்தில் எழுதி வந்தது. கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் ஒரு வாய் வாங்கித் துப்பின. ஒரு வாரம் போராடிய காளியாயி, கடைசியில் தன் யோசனைப்படி ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து அரைத்து, கருப்பட்டிப் பாகு விட்டு உருண்டை பிடித்தாள். ஒன்று கேட்ட பிள்ளை இரண்டு கேட்டது. அடுத்த தடவை வந்த டாக்டரம்மா உருண்டையைத் தானும் தின்று பார்த்துவிட்டு, காகிதத்தில் கஞ்சி என்று இருந்ததை அடித்து உருண்டை என்று எழுதினாள். ஆறே வாரத்தில் அழகனின் வீக்கம் வடிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஒருநாள் கோழியைப் பார்த்துச் சிரித்தான்.

டாக்டரம்மாவின் கட்டளை இதுதான். ஒரு நாள்கூட விடாமல் கொடுக்க வேண்டும், சனிக்கிழமை தோறும் எடை போட வேண்டும். நடுவில் விட்டால் இத்தனை மாத வேலையும் வீண்.

அந்த வியாழக்கிழமை வறுக்கும்போது ஒரு பருப்பை வாயில் போட்டாள். நாக்கின் அடியில் ஒரு கசப்பு. காறித் துப்பியும் போகவில்லை. மிச்சக் கடலையை முறத்தில் கொட்டி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். பாதிக்கு மேல் சுருங்கிக் கறுத்திருந்தது. சிலதில் சாம்பல் மாதிரி பச்சைத் தூள் ஒட்டியிருந்தது. முந்தின நாட்களில் விடியாத இருட்டில் வறுத்திருந்தாள். கருப்பட்டி கசப்பை மறைத்துவிட்டது.

முறத்தை அப்படியே இறக்கிவைத்தாள்.

முத்துலிங்கத்திடம் ஓடினாள். அவர் தோட்டத்து மருந்துசாலைக்குப் பொறுப்பாக இருந்தவர். படித்த டாக்டர் இல்லையென்றாலும் எல்லாரும் டாக்டரையா என்றே கூப்பிட்டார்கள். மூட்டைகள் வைக்கும் ஸ்டோரின் சாவி அவரிடம்தான் இருந்தது.

"கடலைன்னா ஒண்ணு ரெண்டு கசக்கத்தான் செய்யும். நல்லா வறு, போயிரும்."

"ஒண்ணு ரெண்டு இல்லங்க ஐயா. பூசணம் புடிச்சிருக்கு. அடமழையில ஸ்டோரு ஒழுகிச்சே, அதுல நனஞ்சிருக்குமோன்னு..."

முத்துலிங்கத்தின் முகம் கடுத்தது. "ஒழுகிச்சுன்னு ஒனக்கு யார் சொன்னா? கொழும்புல படிச்சவங்க அனுப்பின சாமானுக்கு நீ கொற சொல்றியா? சனிக்கெழம நிறுவைக்கு வருவேன். நீ ஒரு நாள் விட்டேன்னு தெரிஞ்சிச்சு, தொரைகிட்ட சொல்லி செக்ரோல்ல பேர வெட்டிருவேன்."

காளியாயி திரும்பி வந்து அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். கொடுத்தால் என்ன ஆகுமோ. கொடுக்காமல் விட்டால் அழகனுக்குக் கால் மறுபடி உப்பிவிடுமோ. செக்ரோல் பட்டியலில் பேர் போனால் வேலை போகும், தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவும் போகும். கடைசியில் எழுந்து, கடலையை ஒதுக்கிவிட்டு, முன்பே அரைத்து வைத்திருந்த பயற்று மாவையும் குரக்கன் மாவையும் பால்மாவையும் மட்டும் சேர்த்து உருண்டை பிடித்தாள்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அழகன் வாந்தி எடுத்தான். உடம்பு கொதித்தது. காளியாயி அவனை மடியைவிட்டு இறக்கவில்லை. மற்றப் பிள்ளைகளில் எது இருமினாலும், எது சிணுங்கினாலும் கிட்டே கூப்பிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சாயந்திரம் ராசம்மா கூடையோடு வந்து நின்றாள். மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் வாய் தானாகத் திறந்தது.

"ராசம்மா, கடல கெட்டுப்போயிருந்துச்சு. தெரியாம மூணு நாள் குடுத்துட்டேன். இவனுக்குக் காய்ச்சல் அதனாலயான்னு எனக்குத் தெரியல."

ராசம்மா பிள்ளையைப் பறித்துக்கொண்டாள். "ஒன்ன நம்பித்தானே அக்கா விட்டுட்டுப் போறோம்?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது காளியாயிக்கு.

எல்லாப் பிள்ளைகளும் போனதும், ஒரு பிடி கடலையை முந்தானையில் முடிந்துகொண்டு ரயில் பாதையோடு அடுத்த ஸ்டேஷனான வட்டவளைக்கு நடந்தாள். காலையில் வறுத்ததை அங்கே, எல்லாரும் நானா என்று மரியாதையாகக் கூப்பிடும் ஹசனின் அரவை மில்லுக்குக் கொடுத்தனுப்பித்தான் மாவு அரைப்பது. அவர் சின்ன வயசிலிருந்து தானியத்தோடு புழங்கியவர். கடலையை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இத மாட்டுக்குக்கூடப் போடாதீங்க தங்கச்சி. வறுத்துக் கொண்டுவந்ததால எனக்கும் வாசம் தெரியாமப் போச்சு. டாக்டரம்மாவுக்கு ஒடனே தெரியணும்."

"கடுதாசி போனா நாலு நாள் ஆகுமே நானா."

"தந்தி அடிப்போம்."

அவர் மகள் பௌசியா பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினாள். விடிந்ததும் தபால் கந்தோருக்குத் தானே கொண்டுபோவதாக ஹசன் சொன்னார். காளியாயி எப்படித் திரும்பி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை அழகனை ராசம்மா கொண்டுவரவில்லை. வேலைக்கும் போகாமல் வைத்துக்கொண்டு இருந்தாள். காளியாயி இரண்டு தடவை லயத்து வாசல்வரை போய், கூப்பிடத் தைரியமில்லாமல் திரும்பினாள்.

சனிக்கிழமை தராசோடும் எடை எழுதும் கொப்பியோடும் வந்த முத்துலிங்கம், ஒதுக்கி வைத்திருந்த கடலைச் சாக்கைப் பார்த்துவிட்டார்.

"யார் ஒன்ன நிப்பாட்டச் சொன்னது?"

"நான்தாங்க நிப்பாட்டினேன். பேர வெட்டுறதுன்னா வெட்டுங்க. இந்தக் கடலைய என் கையால இனிமே குடுக்க மாட்டேன்."

இவ்வளவு சத்தமாக அவள் அவரிடம் பேசியதே இல்லை. தொரையிடம் போவதாகச் சொல்லிக்கொண்டு அவர் படியிறங்கியபோது, கீழே ரோட்டில் ஜீப் வந்து நின்றது. தந்தி கிடைத்த கையோடு புறப்பட்டிருந்தாள் டாக்டரம்மா.

அவள் ஒரு பருப்பை உடைத்துப் பார்த்தாள். ஸ்டோரைத் திறக்கச் சொல்லி, சுவரோரம் நனைந்து கறுத்துப்போன சாக்குகளைப் பார்த்தாள். பிறகு அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இரண்டு மூன்று வருஷம் முன்னால் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பூசணம் பிடித்த கடலைத் தீவனம். ஈரலைத் தின்றுவிடும் விஷம். நான் அதைப் படித்தேன். படித்தும், மாவை எப்படிச் செய்வது என்று மட்டும் எழுதினேன், கடலையை எங்கே வைப்பது என்று எழுதவில்லை. பிழை என்னுடையது."

"பிள்ளைங்களுக்கு என்னம்மா ஆகும்?"

"மூன்று நாள்தான். ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறேன். சத்தியம் பண்ண முடியாது. கண் மஞ்சளாகுதா என்று தினம் பாருங்கள்."

அவள் ராசம்மாவின் காம்பராவுக்குப் போய் அழகனைச் சோதித்தாள். தொண்டை சிவந்திருந்தது, சளிக்காய்ச்சல்போலத்தான் இருக்கிறது என்றாள். கடலையாலா இல்லையா என்பது கடைசிவரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.

அந்தச் சனிக்கிழமை ஜீப் போன பிறகு முத்துலிங்கம் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார். தொரையிடம் அவர் போயிருக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காளியாயி, என் மகளுக்கும் அந்தக் கடலதான். ரெண்டு வாரமா. இங்க உள்ள பிள்ளைங்க தேறுறதப் பாத்துட்டு, ஸ்டோருல இருந்து எடுத்துக்கிட்டுப் போயி வீட்டுல உருண்டை செஞ்சு குடுக்கச் சொன்னேன்." அவர் கதவின் தாழ்ப்பாளை நிமிண்டினார். "அந்தம்மா முன்னால சொல்ல வாய் வரல."

ரெண்டு வாரம். காளியாயிக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் பயம்தான் வந்தது. "இன்னிக்கே டாக்டரம்மாவுக்கு எழுதிப் போடுங்க ஐயா. பாப்பாவ நாளைக்குக் காலையில இங்க கூட்டிக்கிட்டு வாங்க. எல்லாத்தோடயும் சேத்துப் பாக்குறேன்."

அவர் எழுதினார். மறுநாளிலிருந்து, உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளை லயத்துப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றது. காளியாயி ஒவ்வொரு பிள்ளையையும் வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிவந்து கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். மூன்று மாதம். வெயில் பட்டுக் கண் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தாலும் அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது. டாக்டரம்மா ஒவ்வொரு மாதமும் வந்து இரத்தம் எடுத்துப்போனாள். ஐப்பசிக் கடைசியில், இருபது பேருக்கும் ஈரலில் குறையில்லை என்று முத்துலிங்கத்தின் பேருக்குக் கடிதம் வந்தது. அவர் அதைப் பிள்ளைக்காம்பராவுக்கே கொண்டுவந்து, தாய்மார் எல்லாரும் கேட்க வாசித்தார். பாதியில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தார்.

பழைய எடைக் கணக்கையெல்லாம் டாக்டரம்மா ஒதுக்கிவிட்டு, கடலை இல்லாத மாவோடு முதலிலிருந்து தொடங்கினாள். கடலைக்குப் பதில் எள்ளும் கூடுதல் பயறும். அடுத்த வருஷம் அது ஹசன் நானா மில்லோடு வைத்திருந்த கடையில் காகிதப் பொட்டலத்தில் விற்பனைக்கு வந்தது. எந்த மூட்டை வந்தாலும் காளியாயி முறத்தில் கொட்டிப் பொறுக்கிச் சரி என்ற பிறகுதான் அவர் மில்லில் போட்டார். அதற்காக அவள் வாரத்தில் ஒரு நாள் வட்டவளைக்குப் போனாள்.

முதல் பொட்டலம் விற்ற அன்று அவள் கடையில்தான் இருந்தாள். யார் யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். எந்தப் பிள்ளை தின்னப்போகிறதோ, முகம் தெரியாது. அதை நினைத்ததும் முறத்தில் இருந்ததை மறுபடி ஒருமுறை கிளறிப் பார்த்தாள். வாசலில் ராசம்மா, இடுப்பில் அழகனோடு.

"நீ பொறுக்கினதா அக்கா?"

"நான்தான்."

ராசம்மா பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். காளியாயி அடுத்த மூட்டையை அவிழ்த்து முறத்தில் சாய்த்தாள்.